வெட்டிச் சாய்த்த காடு எரியும்போது: கார்பன் கணக்கு எங்கே தொடங்குகிறது?

2019 ஆகஸ்ட் 19 அன்று பிற்பகலில் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரம் திடீரென்று இருட்டியது. மணி மூன்றுதான் இருக்கும். குளிர்காற்றோடு வந்த மேகமும், அமேசானிலும் பொலிவியா பக்கத்திலும் எரிந்த தீயின் புகையும் சேர்ந்து வானத்தை மூடியிருந்தன. அடுத்த சில நாட்களுக்கு உலகம் முழுக்க 'அமேசான் எரிகிறது' என்பதே பேச்சு. பச்சைக் காட்டுக்குள் தீ பரவும் படங்கள் கைபேசிக்குக் கைபேசி பறந்தன. அவற்றில் பல, அந்த ஆண்டு எடுத்தவைகூட இல்லை.

அந்தப் பருவத்தில் எரிந்ததில் பெரும்பகுதி நின்றுகொண்டிருந்த காடு அல்ல. ஒரு பகுதி பழைய மேய்ச்சல் நிலம். இன்னொரு பெரிய பகுதி, சில மாதங்களுக்கு முன்பே வெட்டிச் சாய்க்கப்பட்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்த மரங்கள். அதாவது செயற்கைக்கோள் படத்தில் தீப்புள்ளி தெரிகிற நாளில், அந்தக் காட்டின் கதை ஏற்கெனவே முடிந்துவிட்டது. சங்கிலி ரம்பம் இறங்கிய அன்றே அந்த மரங்களில் இருந்த கார்பன் காற்றுக்குப் போவது உறுதியாகிவிட்டது. தீ அதை வேகப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

இந்த வரிசை புரியாமல்தான் காட்டுத்தீ பற்றிய பேச்சு அடிக்கடி தடம் மாறிப்போகிறது. தீயை எண்ணுகிறோம், தீயைத் தடை செய்யச் சொல்கிறோம், தீ குறைந்தால் நிம்மதி அடைகிறோம். கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் அதற்கு முன்னால் இருக்கிறது.

ஈரக்காட்டை எப்படி எரிக்கிறார்கள்?

வெப்பமண்டல மழைக்காடு சாதாரண ஆண்டில் லேசில் தீப்பிடிக்காது. மேலே இலைக்கூரை வெயிலைத் தடுக்கிறது, கீழே காற்று ஈரமாகவே இருக்கிறது, உதிர்ந்த சருகு வேகமாக மக்கிவிடுகிறது. அதனால் எரிக்க வேண்டுமென்றால் முதலில் உலர்த்த வேண்டும்; உலர்த்த வேண்டுமென்றால் கூரையைத் திறக்க வேண்டும்.

தெற்கு அமேசானில் இதற்கு ஓர் ஆண்டுச் சுழற்சியே உண்டு. மழை ஓயும் சமயத்தில் அடிச்செடிகளையும் கொடிகளையும் வெட்டுவார்கள். அப்புறம் மே, ஜூன் வாக்கில் பெரிய மரங்கள் சாயும். இரண்டு மூன்று மாதம் அப்படியே கிடக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில், அடுத்த மழைக்குச் சற்று முன்னால் தீ வைப்பார்கள். டிராக்டர் கிடைக்கிற இடங்களில், இரண்டு வண்டிகளுக்கு நடுவே கனத்த சங்கிலியைக் கட்டி இழுத்து மரங்களை வேரோடு சாய்ப்பதும் உண்டு.

ஏன் எரிக்கிறார்கள்? மலிவு என்பது முதல் காரணம். ஒரு ஹெக்டேரில் கிடக்கும் நூற்றுக்கணக்கான டன் மரத்தை வேறெப்படியும் இவ்வளவு குறைந்த செலவில் அகற்ற முடியாது. இரண்டாவது காரணம் மண். மழைக்காட்டைப் பார்த்தால் மண் வளமானது என்று தோன்றும். ஆனால் அமேசானின் பெரும்பகுதியில் மண் அமிலத்தன்மை மிகுந்தது, சத்து குறைந்தது. சத்தில் பெரும்பங்கு உயிருள்ள செடிகொடிகளிலும் மேற்பரப்பில் மக்கும் சருகிலும்தான் சுழல்கிறது. எரித்தால் சுண்ணாம்பும் சாம்பல்சத்தும் கொஞ்சம் மணிச்சத்தும் மண்ணில் விழும், புளிப்பு குறையும். இரண்டு மூன்று ஆண்டு விளைச்சலோ புல்லோ நன்றாக வரும். பிறகு மழை அதைக் கரைத்துக்கொண்டு போகும், களை ஏறும். மறுபடியும் தீ வைப்பார்கள், அல்லது அடுத்த துண்டுக் காட்டுக்கு நகர்வார்கள்.

காடெரித்துப் பயிர் செய்யும் பழங்குடி முறையையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. சின்னத் துண்டு நிலத்தை எரித்து, சில ஆண்டு பயிர் செய்து, பதினைந்து இருபது ஆண்டு தரிசாக விட்டால் காடு திரும்ப வளர்ந்து கார்பனில் கணிசமான பங்கை மீட்டுக்கொள்ளும். ஆயிரக்கணக்கான ஹெக்டேரை நிரந்தர மேய்ச்சல் நிலமாக மாற்றுவதில் அந்தத் திரும்பல் கிடையாது. இரண்டிலும் தீ உண்டு என்பதற்காகப் பழியைச் சமமாகப் பங்கிடுவது அநியாயம்.

ஒரு ஹெக்டேரின் கணக்கு

எண்ணிக்கையில் பார்த்தால்தான் இது பிடிபடும். நன்கு வளர்ந்த மழைக்காட்டில் தரைக்கு மேலே ஒரு ஹெக்டேருக்கு 200 முதல் 400 டன் வரை உலர்ந்த தாவரப் பொருள் இருக்கும். கணக்கு வசதிக்காக 300 டன் என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த மரத்தில் ஏறக்குறைய பாதி கார்பன்; ஆக 150 டன். ஒரு டன் கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்தால் 3.67 டன் கார்பன் டைஆக்சைடு ஆகும். எல்லாமே காற்றுக்குப் போனால் 550 டன். சுமார் 2,40,000 லிட்டர் பெட்ரோலை எரித்தால் வண்டியின் புகைக்குழாய் வழியாக வருகிற அளவு இது. ஒரே ஒரு ஹெக்டேரிலிருந்து. இதில் வேரைச் சேர்க்கவில்லை. தரைக்கு மேலே இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் மண்ணுக்கடியில் வேராக இருக்கும்.

ஆனால் இந்த 550 டன்னும் தீ வைத்த அன்றே வெளியே வந்துவிடாது. அடுப்பில் தடித்த கட்டையைத் தனியாக வைத்தால் மேலே கருகுமே ஒழிய முழுதாக எரியாது, காட்டிலும் அப்படித்தான். இலை, சுள்ளி, மெல்லிய கிளை எல்லாம் சாம்பலாகும். அடிமரங்கள் கரிந்து கிடக்கும். வெப்பமண்டல முதன்மைக் காட்டை வெட்டி எரிக்கும்போது, இருக்கும் தாவரப் பொருளில் சராசரியாக 36 சதவீதம் எரிகிறது என்பது காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2006-இல் நாடுகளுக்குத் தந்த வழிகாட்டிக் கணக்கு. ஈரம் மிகுந்த காடுகளுக்கு 50 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. காய்ந்த நாட்களின் எண்ணிக்கை, மரங்களின் பருமன், தீ வைத்த நேரத்துக் காற்று ஆகியவற்றைப் பொறுத்து இது ஏறி இறங்கும்.

நம் ஹெக்டேரில் 40 சதவீதம் எரிந்தது என்று கொள்வோம். 120 டன் பொருள் எரிந்திருக்கும். அதிலிருந்து அதே வழிகாட்டியின் விகிதப்படி ஏறத்தாழ 190 டன் கார்பன் டைஆக்சைடும், 12.5 டன் கார்பன் மோனாக்சைடும், 800 கிலோவுக்குச் சற்று மேல் மீத்தேனும், 24 கிலோ நைட்ரஸ் ஆக்சைடும் வரும். 800 கிலோ மீத்தேன் சிறியதாகத் தெரியலாம். நூறாண்டுக் கணக்கில் அதன் வெப்பப்படுத்தும் திறன் கார்பன் டைஆக்சைடைப் போல 27 மடங்குக்கு மேல் என்பதால், அது இருபது டன்னுக்கு மேற்பட்ட கார்பன் டைஆக்சைடுக்குச் சமம். இருபதாண்டுக் கணக்கில் பார்த்தால் இன்னும் மூன்று மடங்கு.

இந்த மீத்தேனைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 'எரித்தாலும் கார்பன், மக்கினாலும் அதே கார்பன், என்ன வித்தியாசம்?' என்று கேட்பவர்களுக்கான பதில் இங்கே இருக்கிறது. சுடர்விட்டு எரியும் தீ ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்து எரிகிறது. வருவது பெரும்பாலும் கார்பன் டைஆக்சைடு. கனன்று புகையும் தீயில் ஆக்சிஜன் போதாது. கார்பன் மோனாக்சைடும் மீத்தேனும் நுண்துகளும் அதிகம். அரைகுறையாகக் காய்ந்த தடித்த மரம் நாள்கணக்கில் கனலும். ஆகவே தீ அணைந்தது போலத் தெரிகிற பிறகும், ஒரு கிலோ மரத்துக்கு அதிகக் கேடு விளைவிக்கும் கட்டம் நடந்துகொண்டிருக்கும்.

மீதி எங்கே போகிறது?

முதல் தீயில் எரியாமல் கிடக்கும் அடிமரங்கள்தான் இந்தக் கணக்கின் நடுப்பகுதி, அதிகம் கவனிக்கப்படாத பகுதியும்கூட. அவற்றில் சில சதவீதம் கரியாக மாறியிருக்கும். கரி நுண்ணுயிர்களுக்கு எளிதில் வசப்படாது. பல நூறாண்டு மண்ணில் தங்கும். அந்தச் சிறு பங்கு மட்டும்தான் உண்மையிலேயே காற்றுக்குப் போகாமல் தப்புகிறது. மற்றதெல்லாம் கரையானும் பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்து பத்து இருபது ஆண்டில் தின்று தீர்க்கும். இடையில் மேய்ச்சல் நிலத்தின் புதரைச் சுத்தப்படுத்த இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை தீ வைப்பார்கள். ஒவ்வொரு தீயிலும் பழைய மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

காட்டை எதற்காக அழிக்கிறார்கள் என்பது இங்கே முக்கியமாகிறது. மாடு மேய்க்க மட்டும் என்றால் அடிமரங்கள் கிடந்தாலும் பரவாயில்லை, நடுவே புல் வளரும். சோயா விதைக்க வேண்டுமென்றால் இயந்திரம் ஓட வேண்டும். ஒரு கட்டைகூட நிற்கக் கூடாது. மாட்டோ குரோசோ மாநிலத்தில் 2000-க்குப் பின் வந்த பெரும் பண்ணைகள், மரங்களை வேரோடு பிடுங்கி நீள வரிசைகளாகக் குவித்து, ஒரே பருவத்தில் பல முறை தீ வைத்து முழுதும் எரித்தன. அங்கே 36 சதவீதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதே பரப்பு காட்டை அழித்தாலும், மேய்ச்சலுக்கு அழித்ததைவிடப் பயிருக்கு அழித்ததில் தீ வழியாகப் போகும் கார்பன் மிக அதிகம். செயற்கைக்கோளில் ஒரே இடத்தில் பல நாள் தீப்புள்ளி மீண்டும் மீண்டும் தெரிந்தால், ஆய்வாளர்கள் இதைத்தான் சந்தேகிப்பார்கள்.

சரி, இத்தனை ஆண்டுகளில் பரவிக் கிடக்கும் உமிழ்வை எந்த ஆண்டின் கணக்கில் எழுதுவது? இரண்டு வழிகள் உண்டு. இந்த ஆண்டு உண்மையில் காற்றுக்குப் போனதை மட்டும் எழுதலாம். அதில் பத்தாண்டுக்கு முன் சாய்ந்த மரத்தின் மக்கலும் அடங்கும். அல்லது இந்த ஆண்டு வெட்டிய காட்டிலிருந்து இன்றும் நாளையும் போகப்போகும் அத்தனையையும் இந்த ஆண்டிலேயே எழுதலாம். மனாவுஸில் உள்ள பிரேசிலின் தேசிய அமேசான் ஆய்வு நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் இந்த வேலையைச் செய்துவரும் பிலிப் பெர்ன்சைடு, 1990-களிலேயே இரண்டாவது வழியை விரிவாக வகுத்துக் காட்டினார். காட்டை வெட்டுகிறவர் தன்மேல் ஏற்றிக்கொள்ளும் கடன் முழுதும் அன்றே பதிவாக வேண்டும் என்பது அதன் தர்க்கம்.

எனக்கு இரண்டாவது வழிதான் நேர்மையானதாகப் படுகிறது. முதல் வழியில் ஒரு பெரிய குறை இருக்கிறது. காடழிப்பு வேகமாக ஏறும் ஆண்டுகளில் அது சேதத்தைக் குறைத்துக் காட்டும், ஏனென்றால் அடிமரங்கள் இன்னும் மக்கியிருக்காது. காடழிப்பு இறங்கும் ஆண்டுகளிலோ, பழைய மரங்களின் மக்கலைச் சேர்த்து, இன்றைய நல்ல முயற்சியை மறைத்துவிடும். வளிமண்டலத்தை அளக்கிறவர்களுக்கு முதல் வழி தேவை, அதை மறுக்கவில்லை. யார் பொறுப்பு என்று கேட்கிற இடத்தில் அதைப் பயன்படுத்தினால் பதில் தவறாக வரும்.

'மறுபடியும் வளர்ந்துவிடுமே'

அடிக்கடி கேட்கும் வாதம் இது. தீயில் போன கார்பனை அடுத்த தலைமுறை மரங்கள் இழுத்துக்கொள்ளும், ஆகவே வரவும் செலவும் சரி என்கிறார்கள்.

புல்வெளிக்கு இது பொருந்தும். உலகில் ஆண்டுதோறும் தீயில் எரியும் பரப்பில் மிகப் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் சவானா புல்வெளிகள். உலகத் தீக்களின் மொத்தக் கார்பன் ஆண்டுக்கு 200 கோடி டன்னைத் தாண்டுகிறது, அதிலும் பெரும்பங்கு இவற்றிலிருந்துதான். ஆனால் அந்தப் புல் அடுத்த மழையில் முளைத்து, போன கார்பனைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. செயற்கைக்கோள் வரைபடத்தில் ஆப்பிரிக்கா சிவப்பாகத் தெரிவதைக் காட்டி 'அமேசானைவிட அங்கேதான் அதிகம் எரிகிறது' என்று சொல்கிறவர்கள் இந்த வேறுபாட்டை விட்டுவிடுகிறார்கள்.

காட்டுக்குக் கணக்கு வேறு. மேய்ச்சல் நிலமாக மாறிய இடத்தில் ஒரு ஹெக்டேருக்கு நிற்கும் உயிர்ப்பொருள் பத்து டன்னைச் சுற்றித்தான் இருக்கும். முன்பு 300 டன் இருந்தது. நிலத்தைக் கைவிட்டுக் காடு திரும்ப வந்தாலும் காலம் பிடிக்கும். லத்தீன் அமெரிக்காவின் இரண்டாம் வளர்ச்சிக் காடுகளை ஒப்பிட்டு 2016-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, முதிர்ந்த காட்டின் உயிர்ப்பொருளில் 90 சதவீதத்தை எட்ட நடுமதிப்பாக 66 ஆண்டு ஆகும் என்று கண்டது. அதுவும் யாரும் மறுபடி எரிக்காமல் விட்டால். இன்று போகும் கார்பன் இந்தப் பத்தாண்டின் வெப்பத்தைக் கூட்டும். திரும்பி வருவது நம் பேரப்பிள்ளைகள் முதிர்ந்த காலத்தில்.

தரையே எரியும்போது

இதுவரை சொன்னது மரத்தின் கணக்கு. தென்கிழக்கு ஆசியாவின் கரிச்சதுப்பு நிலங்களுக்கு வந்தால் கணக்கே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. சுமத்ராவிலும் காலிமந்தானிலும் நீர் தேங்கிய காடுகளின் அடியில், முழுதாக மக்காத இலையும் வேரும் மரமும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து, சில இடங்களில் பத்து மீட்டருக்கு மேல் ஆழமாகக் கிடக்கின்றன. நீர் இருக்கும்வரை ஆக்சிஜன் உள்ளே போகாது, மக்காது, எரியாது. கால்வாய் வெட்டி நீரை வடித்தால் இரண்டும் தொடங்கிவிடும்.

1990-களின் நடுவில் இந்தோனேசியாவின் சுகார்த்தோ அரசு மத்திய காலிமந்தானில் ஏறத்தாழ 10 லட்சம் ஹெக்டேர் சதுப்பு நிலத்தை நெல்வயலாக்கத் திட்டமிட்டு, 4,000 கிலோமீட்டருக்கும் மேலான கால்வாய்களை வெட்டியது. அந்த மண்ணில் நெல் சரியாக விளையவில்லை. 1997-இல் எல் நினோ வறட்சி வந்தபோது, வடிந்து காய்ந்துபோன தரை பற்றிக்கொண்டது. அந்த ஆண்டு இந்தோனேசியாவின் சதுப்பு மண்ணிலும் காடுகளிலும் எரிந்து போன கார்பன் 81 கோடி முதல் 257 கோடி டன் வரை இருக்கும் என்று 2002-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. உலகம் முழுவதும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதால் ஓராண்டில் வருவதில் 13 முதல் 40 சதவீதம் அது. கீழ் எல்லையும் மேல் எல்லையும் இவ்வளவு விலகி நிற்பதற்குக் காரணம், தரை எத்தனை ஆழம் எரிந்தது என்பதை வானத்திலிருந்து அன்று அளக்க முடியாமல் போனதுதான்.

ஆழம் ஏன் இத்தனை முக்கியம்? இந்தச் சதுப்பு மண்ணில் ஒரு கன மீட்டருக்கு 60 கிலோ அளவில் கார்பன் இருக்கும். 33 சென்டிமீட்டர் ஆழம் எரிந்தாலே ஒரு ஹெக்டேருக்கு 200 டன் கார்பன். மேலே நின்ற காடு முழுதும் சேர்ந்தாலும் அவ்வளவு வராது. மேலும் மண்ணுக்கடியில் சுடர் கிடையாது, வெறும் கனல்தான். ஆகவே ஒரு கிலோவுக்கு வெளிவரும் கார்பன் மோனாக்சைடு காட்டுத் தீயைவிட ஏறத்தாழ இரு மடங்கு. மழைக்காலம் வரும்வரை அதை அணைக்கவும் முடியாது.

2015-இல் மீண்டும் அதே கதை. அந்த ஆண்டு இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. செப்டம்பர், அக்டோபரில் பல நாட்கள், அந்தத் தீக்களின் அன்றாட உமிழ்வு அமெரிக்கப் பொருளாதாரம் முழுவதன் அன்றாட உமிழ்வையும் தாண்டியது. இழப்பை உலக வங்கி 1,600 கோடி டாலர் என்று கணக்கிட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் சதுப்பு நில மீட்புக்கென்றே ஒரு தனி அமைப்பை இந்தோனேசிய அரசு உருவாக்கியது. அதன் தலையாய வேலை தீயணைப்பு அல்ல. கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துவது. பிரச்சினையின் வேரைப் பிடித்த நடவடிக்கை என்று இதைச் சொல்லலாம்.

உலகக் கணக்கில் பங்கு எவ்வளவு?

2000-களில் காலநிலைக் கூட்டங்களில் எங்கு பார்த்தாலும் '20 சதவீதம்' என்ற எண் உலவியது. மனிதர்களின் உமிழ்வில் ஐந்தில் ஒரு பங்கு காடழிப்பால் வருகிறது என்றார்கள். 2009-இல் வெளியான மறுகணிப்பு இதை 12 சதவீதம் ஆக்கியது. சதுப்பு நிலத்தைச் சேர்த்தால் 15. காடழிப்பு அவ்வளவு வேகமாகக் குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் அல்ல. நாடுகள் தாமே அறிவித்த பழைய பரப்பளவுகளுக்குப் பதில் செயற்கைக்கோள் அளவுகள் வந்தன. நிலக்கரி, எண்ணெய் எரிப்பும் அதற்குள் வேகமாகக் கூடியிருந்ததால் பங்கு சுருங்கியது.

அண்மைய பத்தாண்டின் சராசரியில் நிலப் பயன்பாட்டு மாற்றத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கோடி டன் கார்பன் டைஆக்சைடு நிகரமாக வெளிவருகிறது; நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமெண்ட் சேர்ந்து 3,500 கோடி டன்னைத் தாண்டுகிறது. பத்தில் ஒரு பங்குதானே என்று விட்டுவிட முடியாது. 'நிகரம்' என்ற சொல்லுக்குள், காடழிப்பால் போகும் 600 கோடி டன்னுக்கு மேலும், வடிந்த சதுப்பு நிலம் போன்ற பிற மூலங்களின் உமிழ்வும், வேறெங்கோ வளரும் காடுகள் இழுக்கும் 400 கோடிக்கு மேலும் ஒளிந்திருக்கின்றன. அழிப்பு நின்றால் வளர்ச்சி அதோடு நிற்காது. இன்று கழித்துக் காட்டப்படும் அந்த வரவு முழுதும் நமக்கு லாபமாக மிஞ்சும். பிரேசில், இந்தோனேசியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகிய மூன்று நாடுகளிலிருந்தே நிகர உமிழ்வில் பாதிக்கு மேல் வருகிறது.

இந்த எண்களை எப்படிப் பெறுகிறார்கள்? அடிப்படைச் சூத்திரம் 1980-இல் வொல்ஃப்காங் செய்லரும் பால் குருட்சனும் தந்தது. எரிந்த பரப்பு, அங்கிருந்த பொருளின் எடை, அதில் எரிந்த விகிதம், ஒரு கிலோவுக்கு வரும் வாயு: நான்கையும் பெருக்கு, அவ்வளவுதான். நான்கிலும் பிழை உண்டு, பெருக்கும்போது பிழையும் பெருகும். பரப்பைச் செயற்கைக்கோள் இன்று நன்றாகவே பிடிக்கிறது. எடைதான் கடினம். 2025 ஏப்ரலில் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய 'பயோமாஸ்' செயற்கைக்கோள், நீண்ட அலை ரேடாரால் இலைக்கூரையை ஊடுருவி அடிமரங்களை அளக்கவென்றே கட்டப்பட்டது.

இன்னொரு வழி, நேராகக் காற்றையே அளப்பது. பிரேசிலின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லூசியானா காட்டியும் அவருடைய குழுவினரும் 2010 முதல் 2018 வரை அமேசானின் நான்கு இடங்களில் சிறு விமானத்தில் பறந்து, பல உயரங்களில் காற்றைக் குடுவைகளில் சேகரித்தார்கள். 2021-இல் வந்த முடிவு கலங்க வைப்பது. அதிகம் அழிக்கப்பட்ட தென்கிழக்கு அமேசான், தீயைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இழுப்பதைவிட அதிகம் கார்பனை வெளியிடுகிறது. சுற்றிலும் காடு போய்விட்டதால் அங்கே வறட்காலம் சூடாகவும் நீளமாகவும் ஆகிவிட்டது. நின்ற மரங்களும் தளர்ந்துபோயின.

தடை எதற்குப் போட வேண்டும்?

பிரேசில் 2019 ஆகஸ்ட் இறுதியில் 60 நாட்களுக்குத் தீ வைக்கத் தடை போட்டது. 2020 ஜூலையில் அமேசானிலும் பான்டனால் ஈரநிலத்திலும் 120 நாள் தடை. ஆனாலும் 2020-இல் அமேசானின் தீப்புள்ளிகள் 2019-ஐ விட அதிகம். வெட்டிச் சாய்த்த மரம் தரையில் கிடக்கும்போது தடை எத்தனை நாள் தாங்கும்? நிலத்தை வளைத்தவர் அடுத்த மாதம் எரிப்பார், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு எரிப்பார். எரிக்காமலே விட்டாலும் மரம் மக்கும். மீத்தேனும் புகையும் குறையும், மூச்சுத் திணறல் குறையும், அது பெரிய நன்மைதான். கார்பன் டைஆக்சைடு மட்டும் மெதுவாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

வெட்டையே தடுத்தபோது என்ன நடந்தது என்பதற்கும் அதே நாடு சான்று. 2004-இல் பிரேசிலின் அமேசானில் 27,772 சதுர கிலோமீட்டர் காடு போனது. அந்த ஆண்டே மரீனா சில்வா சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோது காடழிப்புத் தடுப்புச் செயல்திட்டம் தொடங்கியது. செயற்கைக்கோள் எச்சரிக்கை சில நாட்களில் களத்துக்குப் போனது. அதிகாரிகள் ரம்பத்தையும் டிராக்டரையும் பறிமுதல் செய்தார்கள். புதிதாக அழித்த நிலத்தின் சோயாவை வாங்க மாட்டோம் என்று 2006-இல் வணிக நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. சட்டமீறல் மிகுந்த நகராட்சிகளுக்குக் கடன் நிறுத்தப்பட்டது. 2012-இல் அழிப்பு 4,571 சதுர கிலோமீட்டர். எட்டு ஆண்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சரிவு, அதுவும் சோயா உற்பத்தி கூடிய காலத்தில். பின்னர் ஆட்சியும் அமலாக்கமும் தளர்ந்தன; 2021-இல் 13,038 ஆக ஏறியது. 2024-இல் மறுபடி 6,288-க்கு இறங்கியது.

ஆனால் 2024 இந்தக் கட்டுரையின் வாதத்துக்கே ஒரு சோதனை, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. வெட்டு குறைந்த அதே ஆண்டில் தீ பெருகியது. 2023-24 வறட்சியில், வெட்டாத காட்டுக்குள்ளேயே தீ நுழைந்தது. உலகம் முழுவதும் அந்த ஆண்டு 67 லட்சம் ஹெக்டேர் வெப்பமண்டல முதன்மைக் காடு இழக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ பாதிக்குத் தீயே காரணம். அந்தத் தீ தானாகப் பிறந்ததல்ல. மேய்ச்சல் நிலத்தில் வைத்த தீ ஓரத்தைத் தாண்டி உள்ளே போகிறது. முன்பு ஈரம் அதைத் தடுத்து நிறுத்தியது. துண்டு துண்டாகிப்போன காட்டின் விளிம்புகளில் இப்போது அந்த ஈரம் இல்லை.

இப்படி எரிந்த காட்டின் கார்பன் பெரும்பாலும் காடழிப்புக் கணக்கில் சேர்வதில்லை. பிரேசிலின் ஆண்டு அளவீடு, 6.25 ஹெக்டேருக்கு மேல் முழுதாக வெட்டப்பட்ட இடங்களையே காடழிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. தரையோடு ஊர்ந்து போன தீ, மரத்தை உடனே சாய்க்காது. பட்டை மெல்லியதான மழைக்காட்டு மரங்கள் அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சாகும். மேலிருந்து பார்த்தால் இன்னும் பச்சையாகவே இருக்கும். 2010 முதல் 2019 வரை பிரேசிலின் அமேசானில் போன தரைமேல் கார்பனில் 73 சதவீதம் முழு அழிப்பால் அல்ல, இதுபோன்ற சிதைவால் போனது என்று 2021-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. எரிந்த காடுகளைத் தொடர்ந்து அளந்தவர்கள், முப்பது ஆண்டு கழித்தும் அவற்றின் உயிர்ப்பொருள் எரியாத காட்டைவிட ஏறத்தாழ 25 சதவீதம் குறைவாகவே இருப்பதைக் கண்டார்கள். வெட்டின பரப்பை மட்டும் வைத்து நாடுகளுக்குப் பணமும் பாராட்டும் தருகிற திட்டங்களில் இந்த 25 சதவீதத்துக்கு இன்னும் சரியான இடம் ஒதுக்கப்படவில்லை.